சிலந்திப் பேனுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டுத்தோட்டப் பகுதியில் ஒரு வாசகி, வரவேற்பறையில் வைத்திருக்கும் அரேகா பாமின் இலைகள் வெளிறிப்போய், ஓலைகளுக்கு நடுவே மெல்லிய நூலாம்படை படர்ந்திருப்பதாக எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். இமிடாகுளோபிரிட் மருந்தை லிட்டருக்கு அரை மில்லி கலந்து வாரம் ஒருமுறை அடிக்கும்படி பதில் தரப்பட்டிருந்தது. அந்தப் பதில் தவறு. அவர் சொன்ன அடையாளங்கள் சிலந்திப் பேனுக்கு உரியவை. இமிடாகுளோபிரிட் சிலந்திப் பேனைக் கொல்லாது; பல செடிகளில் அதைப் பெருக்கியும் விடும். கத்தரி வெயில் தொடங்குவதற்குள் இதைத் திருத்திச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் மார்ச் முதல் ஜூன் வரைதான் இந்தப் பேனுக்கு அறுவடைக் காலம்.

முதலில் இது பூச்சியே அல்ல. பூச்சிக்கு ஆறு கால், வளர்ந்த சிலந்திப் பேனுக்கு எட்டு. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் வகுப்பைச் சேர்ந்தது. வெண்டை, கத்தரி, மரவள்ளி போடும் விவசாயிகள் செம்பேன் என்பார்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் சிவப்புச் சிலந்தி என்றால் உடனே புரியும். அது இதே குடும்பத்தில் வேறொரு இனம். நம் வீட்டுச் செடிகளில் பெரும்பாலும் ஏறுவது டெட்ரானிகஸ் அர்டிகே எனப்படும் இரட்டைப்புள்ளிச் சிலந்திப் பேன். வளர்ந்த பெண் பேன் அரை மில்லிமீட்டர் நீளம்தான். வெறுங்கண்ணுக்கு ஒரு தூசி. முதுகின் இரு பக்கமும் தெரியும் கரும்புள்ளிகள் தோலின் நிறம் அல்ல. உறிஞ்சிய உணவு கண்ணாடி போன்ற உடம்புக்குள்ளிருந்து தெரிகிறது.

இமிடாகுளோபிரிட் செடியின் சாற்றில் கலந்து அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளைக் கொல்லும். அதற்கு அது நல்ல மருந்துதான். சிலந்திப் பேனிடம் அது பலிப்பதில்லை. அதே நேரம் பேனைத் தின்று வாழும் இரைவிழுங்கிப் பேன்களையும் சின்ன வண்டுகளையும் அழித்துவிடுகிறது. இதற்கு மேலும் ஒன்று உண்டு: இந்த மருந்து ஏறிய சில செடிகளில் செடியின் சொந்தத் தற்காப்பு குறைந்து, பேன்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெருகுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. "மருந்து அடித்த பிறகுதான் சார் அதிகமாயிடுச்சு" என்று நர்சரிகளில் வந்து சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

வந்திருப்பது பேன்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு வெள்ளைத் தாளைச் சந்தேகப்படும் இலைக்கு அடியில் பிடித்து, இலையை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழும் தூசியை ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். மிளகுப்பொடி போன்ற துகள்கள் மெல்ல நகர ஆரம்பித்தால் பேன். விரலால் தேய்த்தால் பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ ஒரு கோடு விழும். நகராதது மண் தூசி. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பாட்டில் மருந்தைவிடப் பயன் அதிகம். அதை வைத்து இலையின் அடிப்பக்கம் நடு நரம்பை ஒட்டிப் பார்த்தால் மொத்தக் குடித்தனமும் தெரியும்: வேகவைத்த ஜவ்வரிசி போல உருண்டையாக, ஒளி ஊடுருவும் முட்டைகள்; அவற்றுக்கு நடுவே ஆறு காலோடு அப்போதுதான் பொரித்த குஞ்சுகள்; உப்புத்தூள் தூவியது போல உரித்துப்போட்ட வெள்ளைச் சட்டைகள்; இவற்றுக்கு மேலே கூரை போல இழைத்த நூல்.

இலையின் மேல்பக்கத்தில் இதன் முதல் தடயம் ஊசியால் குத்தியது போன்ற வெளிர்ப் புள்ளிகள். பேன் தன் ஊசி வாயை ஒவ்வொரு செல்லாகச் செருகி உள்ளிருக்கும் பச்சையத்தை உறிஞ்சுகிறது. காலியான ஒவ்வொரு செல்லும் வெளிறித் தெரிகிறது. புள்ளிகள் சேர்ந்து இலை சாம்பல் பூத்து, பிறகு மஞ்சளாகி, கடைசியில் காய்ந்த சருகின் நிறத்துக்கு வரும். இந்தக் கட்டத்தில்தான் பலர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றி வேரை அழுக விடுகிறார்கள். சத்துக் குறைவு என்றால் இலை நரம்போடு சேர்ந்து ஒரே சீராகவோ, நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டுமோ மஞ்சளாகும், குத்துப்புள்ளிகள் இருக்காது. இலைப்பேன் (திரிப்ஸ் எனப்படும் வேறொரு பூச்சி) என்றால் வெள்ளி பூசியது போன்ற கீறல்களும் அவற்றின் மேல் கறுப்புப் புள்ளியாக எச்சமும் இருக்கும். நூலாம்படையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சாதாரணச் சிலந்தி கட்டும் வலை கிளைக்குக் கிளை அகலமாக நிற்கும். அந்தச் சிலந்தி செடிக்கு நண்பன். பேனின் நூல் இலைக்காம்பும் தண்டும் சேரும் மூலையிலும் இலையின் அடியிலும் நெருக்கமாகப் பின்னியிருக்கும், அதில் துகள்கள் தொங்கும். நூல் கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே நாம் இரண்டு மூன்று வாரம் தாமதித்துவிட்டோம் என்று பொருள்.

வேகத்துக்குக் காரணம் வெப்பம். 30 டிகிரியில் முட்டை மூன்று நாளில் பொரிக்கும். முட்டையிலிருந்து முட்டையிடும் பெண்ணாக ஏழெட்டு நாள் போதும். 20 டிகிரியில் இதற்கே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு பெண் தன் வாழ்நாளில் நூறுக்கு மேல் முட்டையிடும். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும்; அவை அத்தனையும் ஆணாகப் பொரிக்கும். ஆகவே தப்பிப் பிழைத்த ஒரே ஒரு பெண் பேன் போதும், குடும்பம் மறுபடி தொடங்க.

சென்னையில் காற்றில் ஈரம் அதிகம், இங்கே எப்படிப் பேன் வரும் என்று சிலர் கேட்பதுண்டு. தெருவில் ஈரம் இருக்கிறது. ஏசி ஓடும் அறையில் இல்லை. ஏசி காற்றிலுள்ள நீரை உறிஞ்சித்தான் வெளியே குழாயில் சொட்டவிடுகிறது. வறண்ட காற்றில் பேன் தன் உடம்பிலுள்ள உபரி நீரைச் சுலபமாக ஆவியாக்கிவிடுவதால் இன்னும் அதிகமாகச் சாறு குடிக்கிறது. இரவெல்லாம் ஏசி, பகலெல்லாம் மூடிய ஜன்னலில் 35 டிகிரி என்று இருக்கும் படுக்கையறைதான் அதற்குச் சொர்க்கம். மழைநீர் இலையைக் கழுவாத இடமும் அதுதான். வாசலில் நிற்கும் செடி தப்பிக்க, உள்ளே நிற்கும் அதே செடி அடிபடுவதன் காரணம் இதுவே.

இனி வைத்தியம். அடிபட்ட செடியை அன்றைக்கே மற்றவற்றிடமிருந்து தள்ளி வையுங்கள். இலையோடு இலை உரசக் கூடாது. மின்விசிறிக் காற்று அதிலிருந்து மற்றவற்றின் மேல் வீசக் கூடாது. பேனுக்குச் சிறகில்லை. நடந்து போகும், கூட்டம் மிகுந்தால் கிளை நுனியில் திரண்டு நூலில் தொங்கிக் காற்றில் மிதந்து போகும், நம் சட்டையிலும் கத்தரிக்கோலிலும் ஒட்டிக்கொண்டும் போகும். அதனால் தண்ணீர் ஊற்றும்போது நல்ல செடிகளை முதலிலும் நோய்ப்பட்டதைக் கடைசியிலும் கவனியுங்கள். பாதிக்கு மேல் சாம்பல் பூத்த இலைகளையும் நூல் கட்டிய நுனிகளையும் வெட்டி, அந்த இடத்திலேயே பாலிதீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். கையில் ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடக்காதீர்கள். மட்கும் தொட்டியிலும் போட வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். சிலந்திப் பேனுக்கு முதல் மருந்து தண்ணீர்தான் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அதற்குச் சரியான கருவி எல்லா வீட்டுக் கழிப்பறையிலும் சுவரில் தொங்குகிறது: ஹெல்த் ஃபாசெட். தொட்டி மண்ணை ஒரு பாலிதீன் பையால் மூடித் தண்டைச் சுற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மண் கரைந்து ஓடும், வேரும் ஊறிப்போகும். தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கையால் இலையைத் தாங்கி, அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வேகம் எவ்வளவு என்றால், உள்ளங்கையில் பட்டால் கூச வேண்டும், வலிக்கக் கூடாது. தொட்டியைத் திருப்பித் திருப்பி ஒவ்வோர் இலையின் அடியும், காம்பின் மூலையும், தண்டின் கணுவும் நனைந்து நூல் முழுக்க அறுபடும் வரை செய்ய வேண்டும். நடுத்தரமான ஒரு செடிக்குப் பத்து நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்தில் முடித்தால் அது தூசி கழுவியதுதான்.

அலோகேசியா, ரப்பர் செடி போன்ற அகல இலைச் செடிகளுக்குப் பீய்ச்சுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். இரண்டு கையிலும் ஈரப் பருத்தித்துணி வைத்து இலையை நடுவில் பிடித்து, காம்பிலிருந்து நுனி நோக்கி ஒரே இழுப்பு. நாலைந்து இலைக்கு ஒருமுறை துணியை அலச வேண்டும். இல்லையென்றால் ஓர் இலையின் முட்டையை இன்னோர் இலையில் பூசியவர்கள் ஆவோம். கழுவிய செடியைக் குருத்தில் தண்ணீர் தேங்காமல் சாய்த்து வடித்து, காற்றோட்டமான நிழலில் உலர விடுங்கள். அலோகேசியாவும் பீஸ் லில்லியும் குருத்தில் நீர் நின்றால் அழுகும்.

மாலையில், இலை உலர்ந்த பிறகு, சோப்புக் கரைசல். காதி கடைகளில் கிடைக்கும் திரவ சோப் லிட்டருக்கு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. கட்டிச் சோப் என்றால் 5 கிராம் சீவி, ஒரு டம்ளர் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டிச் சேருங்கள். தோட்டப் பயன்பாட்டுக்கென்றே விற்கும் பொட்டாசியம் சோப் கிடைத்தால் அதுவே சிறந்தது. அளவு அதன் லேபிளில் உள்ளபடி. பாத்திரம் துலக்கும் திரவமும் துணி சோப்புத் தூளும் வேண்டாம். அவை எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவே செய்யப்பட்டவை. இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சையும் சேர்த்து உரித்துவிடும். இரண்டு நாளில் இலை ஓரம் கருகினால் காரணம் பேன் அல்ல, அந்தத் திரவம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் தண்ணீரின் தன்மை. புறநகர் ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது சோப்போடு சேர்ந்து தயிர் திரிந்தது போல வெள்ளைத் திப்பியாகிவிடும். அந்தத் திப்பிக்குப் பேனைக் கொல்லும் சக்தி இல்லை, இலையில் கறை மட்டும் மிஞ்சும். கலந்து ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மேலே திப்பி மிதந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. மழைநீர், ஆர்.ஓ. தண்ணீர், அல்லது ஏசி குழாயில் சொட்டும் தண்ணீர் பயன்படுத்துங்கள். ஏசி தண்ணீரில் உப்பே கிடையாது என்பதால் சோப்பு அதில் அருமையாகக் கரையும். அன்றன்று பிடித்ததாக இருக்கட்டும்.

சோப்புக் கரைசல் பேனின் உடம்பில் நேரடியாகப் பட்டு, ஈரமாக இருக்கும் வரைதான் கொல்லும். காய்ந்த பிறகு அதற்கு வேலை இல்லை. அதனால்தான் மாலை நேரம், அதனால்தான் மின்விசிறியை நிறுத்திவிட்டு அடிப்பது. அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். நமக்கு எதிரே தெரிவது இலையின் மேல்பக்கம் என்பதால் கை தானாக அங்கேதான் அடிக்கும். மேலே எவ்வளவு அடித்தாலும் கீழே இருக்கும் பேனுக்குச் சேதமில்லை. மூக்கை மேல்நோக்கித் திருப்ப முடிகிற ஒரு லிட்டர் பிரஷர் ஸ்ப்ரேயர் போதுமானது. இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரால் இலையை அலசிவிடலாம். பெரணி வகைகள், கிறிஸ்து முள், கார்டீனியா ஆகியவை சோப்பைத் தாங்குவதில்லை. அவற்றுக்குத் தண்ணீர் மட்டும். எந்தச் செடியானாலும் முதலில் ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது.

வேப்ப எண்ணெயும் பயன்படும், கலக்கும் முறை தெரிந்தால். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், 2 மில்லி திரவ சோப். எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றக் கூடாது. சோப்பையும் எண்ணெயையும் முதலில் கால் டம்ளர் வெதுவெதுப்பான நீரில் சேர்த்து, மோர் போல வெளுக்கும் வரை நன்றாகக் கலக்கிய பின் மீதித் தண்ணீரைச் சிறுகச் சிறுகச் சேருங்கள். அடிக்கும்போதும் இடையிடையே பாட்டிலைக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து பிரியும். ஸ்ப்ரேயரின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் பாதியில் வெறும் தண்ணீர் வரும், கடைசிக் கொஞ்சத்தில் வெறும் எண்ணெய் வரும். கடைசியில் அடித்த செடி மட்டும் கருகிப்போவதன் மர்மம் இதுதான். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் சத்துப் போய்விடும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் எண்ணெய் உறைந்திருந்தால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி இளக்கலாம், அடுப்பில் வைக்க வேண்டாம். அடித்த செடியை வெயிலில் வைக்காதீர்கள். வேப்ப எண்ணெயைச் சிறு குழந்தைகள் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இயற்கைப் பொருள்தானே என்று பாட்டிலைச் செடியருகே வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக, எத்தனை நாளுக்கு ஒருமுறை? "வாரம் ஒருமுறை" என்ற பழக்கம்தான் பெரும்பாலான தோல்விக்குக் காரணம். சோப்பும் தண்ணீரும் முட்டையைக் கொல்வதில்லை. கழுவும்போது சில உதிரும், மற்றவை ஒட்டிக்கொண்டிருக்கும். இன்று பேனைக் கொன்றால் மூன்றாம் நாள் அந்த முட்டைகள் பொரிக்கும். நீங்கள் எட்டாம் நாள் வருவதற்குள் அந்தக் குஞ்சுகள் பெரிதாகித் தங்கள் முட்டைகளை இடத் தொடங்கியிருக்கும். ஆகவே கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை: முதல் நாள், நாலாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள். ஐந்து முறையும் கழுவுதல் கட்டாயம். முதல் இரண்டு முறையும் நாலாம் முறையும் சோப்பு, நடுவில் ஏழாம் நாள் வேப்ப எண்ணெய், கடைசி நாள் வெறும் கழுவலும் தாளில் தட்டிப் பார்ப்பதும் என்று வைத்துக்கொள்ளலாம். எப்போதும் ஏசி ஓடும் குளிர்ந்த அறையில் முட்டை பொரிக்க ஓரிரு நாள் கூடுதலாக ஆகும். அங்கே நான்கு நாளுக்கு ஒருமுறை போதும், ஆனால் மூன்று வாரம் தொடர வேண்டும். குளிரில் பேன் மெதுவாக வளர்கிறது, சாவதில்லை. நாலாம் நாள் செடி தெளிவாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுபவர்கள்தான் அடுத்த மாதம் மறுபடி கேட்கிறார்கள்.

நேர்மாறான தவறும் நடக்கிறது. பேன் போன பிறகும் வெளிர்ப் புள்ளிகள் மறையவில்லையே என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டே இருப்பது. உறிஞ்சப்பட்ட செல் மறுபடி பச்சையாகாது. பழைய இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதிதாக விரியும் இலை சுத்தமாக இருந்தால் வேலை முடிந்தது. அதுவரை யூரியா, டி.ஏ.பி. எதுவும் போடாதீர்கள். தழைச்சத்து மிகுந்த இளம் இலைச்சாறுதான் பேனுக்கு விருந்து. மண்ணை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. நம் சமவெளி வெப்பத்தில் இந்தப் பேன் ஆண்டு முழுவதும் இலையில்தான் வாழ்கிறது. தொட்டி மாற்றினால் ஏற்கெனவே நொந்த செடியின் வேரும் நோகும். தொட்டியின் விளிம்பு, தாங்கு குச்சி, தென்னை நார்க் கம்பம், ஜன்னல் கம்பி ஆகியவற்றைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். தினமும் இரண்டு முறை இலை மேல் தண்ணீரைப் புகை போலத் தூவுவது வைத்தியம் ஆகாது. பத்து நிமிடத்தில் அந்த ஈரம் காற்றில் போய்விடும். இலை பளபளக்கப் பால், தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். கஞ்சித் தண்ணீர் அடிப்பவர்கள் உண்டு. காய்ந்து ஏடாகும்போது பேன் சிக்கிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் வீட்டுக்குள் அதை மறுநாளே கழுவாவிட்டால் எறும்பும் கரும்பூசணமும் வந்து சேரும். பூண்டு, மிளகாய்க் கரைசலை மூடிய அறையில் அடித்தால் முதலில் கண் எரிவது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் ஸ்ப்ரேயைச் செடி மேல் அடிப்பதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

சிலந்திப் பேனுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன: ஸ்பைரோமெசிஃபென், புரோபர்கைட், ஃபெனாசாகுயின் போன்றவை. இவை வயலுக்கு உரியவை. குழந்தை தவழும், சமையல் நடக்கும் மூடிய அறைக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். துளசி, புதினா, கறிவேப்பிலை என்று வாயில் போடும் எந்தச் செடிக்கும் அறவே கூடாது. மேலும் உலகிலேயே மருந்துகளுக்குப் பழகிப்போவதில் முன்னணியில் நிற்கும் உயிர் இது. 90க்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு எதிர்ப்பு காட்டியதாகப் பதிவு உண்டு. தண்ணீருக்கும் சோப்புக்கும் அப்படி அது பழகிக்கொண்டதில்லை. இன்னும் சில கடைகளில் பேனுக்கு டைக்கோஃபால் கேட்டு வாங்குகிறார்கள். அது 2019இல், எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருள்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்து, 2023இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்ட மருந்து.

இதைவிட வருத்தம் தருவது சில்லறை விற்பனை. மாடித்தோட்டக்காரர் கேட்டால் பெரிய கேனிலிருந்து மருந்தை ஐம்பது மில்லி குப்பியில் ஊற்றி, பெயர்கூட எழுதாமல் தந்துவிடுகிறார்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லேபிள் இல்லாமல் விற்பது குற்றம். லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் நிறம்தான் நஞ்சின் கடுமையைச் சொல்கிறது: சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. அந்தச் சதுரமே இல்லாத குப்பி நாளை இருமல் மருந்துக் குப்பிக்குப் பக்கத்தில் நிற்கும். வாங்குபவர்கள் மறுக்க வேண்டும். வேளாண்மைத் துறை அதிகாரிகள் நகர்ப்புறக் கடைகளையும் வந்து பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவின் பசுமைக்குடில்களில் ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ் என்ற இரைவிழுங்கிப் பேனைப் புட்டியில் வாங்கி விடுகிறார்கள். அது கிட்டத்தட்டச் சிலந்திப் பேனை மட்டுமே தின்று வாழ்வது. நம் ஊர் நர்சரிகளில் அதை வாங்க வழியில்லை. ஆனால் நமக்கென்று உள்ளூர்க் காவலர்கள் இருக்கிறார்கள். லென்ஸில் பார்க்கும்போது புள்ளியில்லாமல், பேரிக்காய் வடிவில், பளபளப்பாக, மற்றவற்றைவிட வேகமாக ஓடும் பேன் தெரிந்தாலோ, கடுகைவிடச் சின்னக் கறுப்பு வண்டு இலையடியில் மேய்ந்தாலோ அந்தச் செடியில் எதுவும் அடிக்காதீர்கள். பால்கனிச் செடிகளில் இவற்றைப் பார்க்கலாம்.

புதிய செடி வாங்குபவர்களுக்கு: நர்சரியில் பணம் கொடுப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள், தாளில் தட்டிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கழுவல், பிறகு மூன்று வாரம் தனி அறை. குரோட்டன்ஸ், அரேகா பாம், கலேதியா, அலோகேசியா, ஐவி, உள்ளே வைக்கும் செம்பருத்தி, ரோஜா ஆகியவற்றில் பேன் முதலில் ஏறும். வாரத்துக்கு ஒருமுறை அவற்றின் அடியிலையைப் பார்த்தால் மற்றவற்றைப் பற்றிக் கவலையில்லை. நூறு ரூபாய் குரோட்டன்ஸ் முழுவதும் நூல் கட்டி நிற்கிறது என்றால் அதைக் காப்பாற்றப் போராடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் பத்துச் செடிகள் பிழைக்கும்.

அந்த வாசகியின் அரேகா பாமுக்கு இப்போதும் நேரம் இருக்கிறது. மருந்தை ஏற்கெனவே அடித்திருந்தால் மேற்கொண்டு அடிக்க வேண்டாம். நூல் கட்டிய ஓலைகளை அடியோடு நறுக்கிவிட்டு, மீதியைக் குளியலறையில் சாய்த்து வைத்து, ஒவ்வோர் ஓலையையும் விரலிடுக்கில் பிடித்தபடி அடிப்பக்கம் கழுவச் சொல்லுங்கள். பாமுக்கு ஓலை அதிகம் என்பதால் முதல் நாள் அரை மணி நேரம் ஆகலாம். வரும் ஞாயிறு இணைப்பில் திருத்தத்தை வெளியிடும்போது, "வாரம் ஒருமுறை" என்ற இடத்தில் "மூன்று நாளுக்கு ஒருமுறை, ஐந்து முறை, இலையின் அடிப்பக்கம்" என்று கொட்டை எழுத்தில் போட்டுதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாம்பரம், சென்னை